கம்பியின் சூட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு, ஆசைக்கு உண்டா?

மின் சிகரெட் நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்ட பொருள். இருந்தும் அது நம் பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது என்பதைப் பெற்றோர் பலரும் அறிவார்கள். படிப்புக்காகவும் வேலைக்காகவும் வெளிநாடு போய்த் திரும்புகிறவர்கள் கொண்டுவருகிறார்கள். இங்கேயே திருட்டுத்தனமாக விற்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் அகப்பட்டுக்கொண்டால், 'இது சிகரெட் இல்லை, வெறும் ஆவிதான்' என்பது வழக்கமான பதில். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் இன்னொரு வாதமும் சேர்ந்து வரும். 'இதில் வெப்பக் கட்டுப்பாடு இருக்கிறது. கருகவே கருகாது. ஆகவே கெடுதல் கிடையாது.'

இந்த இரண்டாவது வாதத்தைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்து, முப்பது வருடங்களுக்கு மேல் ஒரு தொழிற்சாலையில் உலைகளின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பராமரித்தவன் நான். அதனால் நம் சங்கத்து அன்பர்கள் சிலர் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு கம்பி எவ்வளவு சூடாகிறது, அதை ஒரு கருவி எப்படி அறிகிறது, எங்கே ஏமாறுகிறது என்பதை என்னால் சொல்ல முடியும்.

ஒரு தாயும் மகனும்

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு தமிழ் அம்மையார், 24 வயது மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பிள்ளை கல்லூரி விடுதியில் சிகரெட் பழகியவன். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் வரை போயிருந்ததாம். பிறகு அதை நிறுத்திவிட்டு, நண்பன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த மின் சிகரெட்டுக்கு மாறியிருக்கிறான். இருமல் குறைந்துவிட்டதாகவும் சொன்னான்.

"அண்ணா, நீங்க இந்த ஹீட்டர் கண்ட்ரோல் வேலையிலேயே இருந்தவர். இவன் சொல்றது நிஜமான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்றார் அம்மையார்.

"மாமா, இதுல நெருப்பே கிடையாது. 220 டிகிரின்னு வச்சா அதுக்கு மேல போகவே போகாது. நல்லா வந்த ஒரு இழுப்பை ஞாபகம் வச்சுக்கிட்டு, அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கிற வசதிகூட இருக்கு. சிகரெட்ல அதெல்லாம் உண்டா?" என்றான் பையன்.

அவன் பொய் சொல்லவில்லை. அப்படிப்பட்ட கருவிகள் உண்மையிலேயே இருக்கின்றன. "ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கிட்டு வாப்பா, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். அன்று அந்தப் பேப்பரில் நாங்கள் போட்ட கணக்கைத்தான், கொஞ்சம் விரிவாக, எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

புகையிலை இல்லாத சிகரெட் என்ற எண்ணம் பழையது. அமெரிக்காவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் 1965-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். அது கடைக்கு வரவில்லை. இன்று நாம் காணும் மின் சிகரெட், சீனாவைச் சேர்ந்த மருந்தாளுநர் ஹான் லிக் 2003-இல் உருவாக்கியதன் வழிவந்தது. இன்று உலகில் விற்கும் இத்தகைய கருவிகளில் பெரும்பகுதி சீனாவின் ஷென்சென் நகரத்தில்தான் தயாராகிறது.

கருவி எளிமையானது. ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு சிறிய கம்பிச்சுருள், அதற்குள் நுழைத்த பஞ்சுத் திரி, திரி நனைந்திருக்க ஒரு திரவம். நம் வீட்டு விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயைத் திரி உறிஞ்சுகிறது. விளக்கில் நெருப்பு செய்யும் வேலையை இங்கே மின்சாரத்தில் சூடேறும் கம்பி செய்கிறது. திரவம் ஆவியாகிறது, அதை இழுக்கிறார்கள்.

திரவத்தில் முக்கியமாக இரண்டு பொருள்கள். ஒன்று புரோப்பிலீன் கிளைக்கால். அதன் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ். மற்றொன்று கிளிசரின், கொதிநிலை 290 டிகிரி. இவற்றுடன் மணமூட்டிகளும் நிக்கோடினும் சேரும். நிக்கோடினின் கொதிநிலை 247 டிகிரி. இரண்டு திரவங்களையும் எந்த விகிதத்தில் கலக்கிறார்களோ அதைப் பொறுத்துக் கலவையின் கொதிநிலை இடைப்பட்ட ஓர் இடத்தில் அமையும்.

புகையிலைச் சிகரெட்டை இழுக்கும்போது அதன் நுனிக்கனல் சுமார் 900 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் இலை எரிந்து தாரும் கார்பன் மோனாக்ஸைடும் வெளிவருகின்றன. மின் சிகரெட்டில் எரிதல் இல்லை. இந்த அளவில் பையன் சொன்னது சரிதான். அதை நான் அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

அடிப்பிடிக்கும் கதை

பழைய மாதிரிக் கருவிகளில் வெப்பக் கட்டுப்பாடு கிடையாது. இத்தனை வாட் என்று வைத்தால் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை அத்தனை வாட்டும் கம்பிக்குப் போகும். 40 வாட் என்று வைத்துக்கொள்வோம். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிகமான சக்தி, எடை ஒரு கிராம்கூட இல்லாத ஒரு கம்பிக்குள் பாய்கிறது.

இட்லிப் பானையில் தண்ணீர் இருக்கிறவரை அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் பானையின் அடி 100 டிகிரியை அதிகம் தாண்டாது. வருகிற சூட்டையெல்லாம் தண்ணீர் ஆவியாவதற்கு எடுத்துக்கொண்டுவிடும். தண்ணீர் வற்றிவிட்டால் அதே அடுப்பு, அதே தணலில், சில நிமிடங்களில் பானையைக் கருக்கிவிடும். அதற்காகவே சில வீடுகளில் பானைக்குள் ஒரு காசைப் போட்டு வைப்பார்கள். கொதிக்கும்போது காசு கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது என்று பொருள்.

மின் சிகரெட்டிலும் இதேதான் நடக்கிறது. திரி நனைந்திருக்கும் வரை கம்பியின் சூடு திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். திரி காய்ந்தால் கம்பியின் சூடு ஒரே தாவாக ஏறும். காய்ந்த பஞ்சு 200 டிகிரியைத் தாண்டினால் கருகத் தொடங்கும். கிளிசரின் அதிகச் சூட்டில் சிதைந்து அக்ரோலின் என்ற வாயுவாகிறது. அடுப்பில் எண்ணெய் கருகும்போது கண்ணிலும் தொண்டையிலும் எரிச்சலைக் கொடுப்பது இதே அக்ரோலின்தான். கூடவே ஃபார்மால்டிஹைடும் உண்டாகலாம். அது புற்றுநோய் தரும் பொருள்.

2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் சோதித்த கருவியை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைடு தரும் பொருள்கள் அகப்படவில்லை. 5 வோல்ட்டில் இயக்கியபோது அகப்பட்டன. உடனே மறுப்பும் வந்தது. 5 வோல்ட்டில் அந்தக் கருவி கருகிய ஆவியைத்தான் தரும். அதன் கசப்பை எந்த மனிதனும் தாங்கி இழுக்கமாட்டான் என்று வேறு ஆய்வாளர்கள் வாதித்தார்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. சூடு மீறினால் விஷம் கூடும். வெப்பக் கட்டுப்பாட்டை விற்பவர்கள் பிடித்துக்கொண்ட நூல் இதுதான்.

கம்பியே வெப்பமானி

இவ்வளவு சிறிய கம்பிக்குள் வெப்பமானியை எங்கே வைப்பது? வைப்பதில்லை. கம்பியே வெப்பமானியாகிவிடுகிறது.

உலோகம் சூடாக ஆக அதன் மின்தடை ஏறும். இதைக் கொண்டு சூட்டை அளக்கலாம் என்று 1871-இல் வில்லியம் சீமன்ஸ் சொன்னார். 1887-இல் ஹியூ காலண்டர் என்ற இங்கிலாந்து அறிஞர் பிளாட்டினம் கம்பியை வைத்து அதை நம்பகமான அளவுகோலாகச் செய்து காட்டினார். எங்கள் தொழிற்சாலையில் நான் தினமும் கையாண்ட பி.டி.100 என்ற உணர்கருவி அந்த வம்சம்தான். பூஜ்ஜியம் டிகிரியில் அதன் தடை 100 ஓம். 100 டிகிரியில் 138.5 ஓம். வீட்டில் பழைய குண்டு பல்பு இருந்தால் மீட்டர் வைத்துப் பாருங்கள். அணைந்திருக்கும்போது அதன் இழையின் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தைச் சேர்ந்த எவால்வ் என்ற நிறுவனம் 2014-இல் டி.என்.ஏ. 40 என்ற மின்சுற்றுப் பலகையை வெளியிட்டு, இதே தத்துவத்தை மின் சிகரெட்டுக்குள் கொண்டுவந்தது. அதில் நிக்கல் கம்பி பயன்பட்டது. நிக்கலின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 சதவிகிதம் ஏறும். அறைச் சூட்டில் 0.10 ஓம் உள்ள நிக்கல் சுருள் 200 டிகிரியில் ஏறத்தாழ 0.21 ஓம் ஆகிவிடும். இரண்டு மடங்கு. கருவி விநாடிக்குப் பலமுறை தடையை அளந்துகொண்டே இருக்கும். நாம் வைத்த சூட்டுக்குரிய தடை வந்தவுடன் மின்சாரத்தைக் குறைத்துவிடும். திரி காய்ந்தால் தடை சட்டென்று ஏறும். கருவி மின்சாரத்தை உடனே அடக்கும். இட்லிப் பானையின் காசு செய்யும் வேலையை இங்கே கம்பியின் தடை செய்கிறது.

நிக்கலுக்குப் பிறகு டைட்டானியமும் துருப்பிடிக்காத எஃகும் வந்தன. காந்தல் என்ற கலப்பு உலோகக் கம்பியில் மட்டும் இது நடக்காது. மின்சார உலைகளில் நான் நிறையப் பார்த்த கம்பி அது. சூடானாலும் அதன் தடை பெரிதாக மாறுவதில்லை. காந்தல் கம்பி போட்ட கருவியில் 'வெப்பக் கட்டுப்பாடு' என்று எழுதியிருந்தால் அந்த எழுத்துக்குப் பொருளில்லை.

எங்கே பிசகும்?

இங்கேதான் பேப்பரில் கணக்குப் போட்டோம். பையனுடைய கருவியில் இருந்தது எஃகுக் கம்பி. எஃகின் தடை டிகிரிக்குச் சுமார் 0.09 சதவிகிதம்தான் ஏறும். 20 டிகிரி அறைச் சூட்டில் 0.50 ஓம் உள்ள சுருள், 220 டிகிரியில் 0.59 ஓம் ஆகும். ஆக, 200 டிகிரி ஏற்றத்துக்கு மொத்த வித்தியாசமே 0.09 ஓம். நூறில் ஒரு ஓம் பிசகினால் 22 டிகிரி பிசகிவிடும்.

எல்லாமே ஒரு தொடக்க அளவை நம்பியிருக்கிறது. சுருள் குளிர்ந்திருக்கும்போது அதன் தடை என்ன என்பதே அந்த அளவு. புதுச் சுருள் போட்டதும் கருவி அதை அளந்து பதிவு செய்துகொள்கிறது. அந்த நேரத்தில் சுருள் முன் உபயோகத்தால் 60 டிகிரி சூட்டில் இருந்தது. கருவியோ 20 டிகிரி என்று எண்ணிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். திரையில் 220 என்று காட்டும்போது கம்பியின் உண்மையான சூடு 267 டிகிரியாக இருக்கும். கணக்கைப் பையனே போட்டான். போட்டு முடித்ததும் மறுபடி ஒருமுறை சரிபார்த்தான். விடை மாறவில்லை.

திருகாணி தளர்ந்தாலும், இணைப்பில் அழுக்கு சேர்ந்தாலும் இதே கதைதான். பதிவு செய்யும்போது இருந்த அழுக்கு பிறகு விலகினால் கருவி உண்மையைவிடக் குறைந்த சூட்டைக் காட்டும். இன்னொன்று, கருவி அறிவது சுருள் முழுவதன் சராசரிச் சூட்டைத்தான். இனிப்பு மணமூட்டி படிந்து கறுத்த ஓர் இடத்தில் சூடு அதைவிட மிக அதிகமாக இருக்கலாம். அது திரைக்கு வராது. எங்கள் உலைகளில் இப்படிப்பட்ட பிசகுகளுக்காகவே மாதத்துக்கு ஒருமுறை வேறொரு தரமான அளவுகருவியைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்ப்போம். சட்டைப் பையில் இருக்கும் கருவிக்கு அந்தச் சோதனையை யார் செய்வார்கள்?

சூட்டோடு சம்பந்தமில்லாத விஷயங்களும் உண்டு. 2018-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேர் அன்றாடம் பயன்படுத்திய கருவிகளை வாங்கிச் சோதித்தார்கள். ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம், மாங்கனீசு ஆகியவை காணப்பட்டன. சூடேறும் சுருளிலிருந்து இவை வருகின்றன என்பது அவர்கள் முடிவு. 2019-இல் அமெரிக்காவில் ஒரு நுரையீரல் நோய் பரவி, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 68 பேர் இறந்தார்கள். அதற்கு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதை எந்த வெப்பக் கட்டுப்பாடும் அறியாது. நம் நாட்டில் கள்ளச் சந்தையில் கிடைக்கும் திரவத்தின் மேல் எழுதியிருப்பதை எதை வைத்து நம்புவது?

இன்னொரு செய்தியையும் பெற்றோர் அறிய வேண்டும். இன்று இளைஞர் கையில் அதிகம் காணப்படுவது, உபயோகித்துத் தூக்கியெறியும் வண்ண வண்ணக் கருவிகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் நான் மேலே சொன்ன மாதிரியான கட்டுப்பாடு கிடையாது. விலையுயர்ந்த கருவியின் பெயரைச் சொல்லி மலிவான கருவியைச் சமாதானப்படுத்துவது நடக்கிறது.

அதே இழுப்பு, மறுபடியும்

சூட்டை எண்ணில் வைப்பது பலருக்கும் தொல்லையாக இருந்தது. எந்தக் கம்பி, என்ன டிகிரி, எத்தனை வாட் என்று குழம்பினார்கள். அதற்கு மாற்றாகத்தான் பையன் சொன்ன வசதி வந்தது. எவால்வ் நிறுவனம் அதற்கு 'ரீப்ளே' என்று பெயர் வைத்தது. உபயோகிப்பவர் எப்போதும்போல் இழுக்கிறார். ஓர் இழுப்பு பிரமாதமாக இருந்தது என்று தோன்றினால் அதைப் பதிவு செய்துகொள்கிறார். அந்த இழுப்பின்போது கம்பியின் தடை எப்படி ஏறியது, எவ்வளவு சக்தி போயிற்று என்பதைக் கருவி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த இழுப்பையும் அதே மாதிரி நடத்துகிறது. எண்ணே தேவையில்லை.

இது எனக்குப் புதிதல்ல. பற்சக்கரங்களைப் பதப்படுத்தும் உலையில் ஒரு நாள் நல்ல தரம் வந்தால், அன்றைய சூட்டு வரைபடத்தை எடுத்துப் பத்திரப்படுத்துவோம். அடுத்த முறை அதே கோட்டில் உலையை நடத்துவோம். ஆனால் 'நல்ல தரம்' என்று சொன்னது யார்? சோதனைக்கூடம். பற்சக்கரத்தை வெட்டிப் பார்த்து, கடினத்தை அளந்து, எழுத்து மூலம் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வரைபடத்துக்கு மதிப்பு.

மின் சிகரெட்டில் அந்தத் தீர்ப்பைச் சொல்வது நாக்கு. நாக்கு சுவையைச் சொல்லும், நஞ்சைச் சொல்லாது. மென்தாலின் குளிர்ச்சி தொண்டை எரிச்சலையே மறைத்துவிடும். மேலும் எவ்வளவு ஆழமாக இழுத்தோம், எத்தனை விநாடி உள்ளே நிறுத்தினோம், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பவை எல்லாம் மனிதன் கையில் இருக்கின்றன. கருவி கம்பியைத்தான் திரும்ப நடத்துகிறது.

இந்த இடத்தில் பையனிடம் ஒன்று கேட்டேன். "சிகரெட் பிடிச்சப்போ ஒண்ணு முடிஞ்சதும் என்ன பண்ணுவே?"

"கீழே போட்டுட்டு வேலையைப் பார்ப்பேன்."

"இது எப்போப்பா முடியும்?"

அவன் பதில் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னார்: "ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டுத்தான் படுக்கறான், அண்ணா."

சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. பத்துப் பன்னிரண்டு இழுப்பில் விரலைச் சுட்டுவிடும். பழைய மின் சிகரெட்டில் திரி காய்ந்து கசந்தால் கொஞ்ச நேரம் கீழே வைப்பார்கள். நல்ல இழுப்பு ஒன்று, சுமாரான இழுப்பு ஒன்று, கசந்த இழுப்பு ஒன்று என்று கலந்து வரும்போது ஆசைக்கே ஒரு தடை இருந்தது. அந்தக் கசப்பையும் நீக்கி, மிகப் பிடித்த இழுப்பையே எப்போதும் தரும்படி ஒரு கருவியைச் செய்தால், கீழே வைப்பதற்குக் காரணம் எதுவும் மிச்சம் இருக்காது. நிறுத்த நினைப்பவனுக்கு இது உதவியா, இடைஞ்சலா என்பதை நாமே யோசித்துக்கொள்ளலாம்.

ஆசையின் கணக்கு

இதற்கு அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. 2015-இல் அங்கே ஜூல் என்ற கருவி விற்பனைக்கு வந்தது. கருகல் வராமலிருக்க வெப்பத்தைத் தானே சீராக்கிக்கொள்ளும் கருவி அது. பொத்தான்கூடக் கிடையாது. அதன் திரவத்தில் நிக்கோடின் 5 சதவிகிதம். தொண்டையை உறுத்தாதபடி பென்சாயிக் அமிலத்துடன் சேர்த்த நிக்கோடின் உப்பு. ஒரு சிறு குப்பியில் இருந்த நிக்கோடின் ஏறத்தாழ ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமம் என்று அந்த நிறுவனமே சொன்னது. பள்ளிப் பிள்ளைகளிடையே அது எப்படிப் பரவியதென்றால், 2018 டிசம்பரில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி, இளைஞரிடையே மின் சிகரெட் பழக்கத்தைக் கொள்ளைநோய் என்றே அறிவித்தார். இளைஞரைக் குறிவைத்து விளம்பரம் செய்ததற்காக 33 மாநிலங்கள் உள்ளிட்டோர் எடுத்த நடவடிக்கையில், 2022-இல் அந்த நிறுவனம் சுமார் 44 கோடி டாலர் தர இசைந்தது.

அந்தக் கருவியின் வெப்பக் கட்டுப்பாடு கெட்டுப்போகவில்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. ஆவி மென்மையாக, ஒரே சீராக வந்தது. சீராக வந்ததும் பழக்கம் வேரூன்றியதற்கு ஒரு காரணம்.

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, புகையிலைச் சிகரெட்டோடு ஒப்பிட்டால் மின் சிகரெட்டின் தீங்கு 95 சதவிகிதம் குறைவு என்று மதிப்பிட்டது. அங்கே சிகரெட்டை விடுவதற்கு ஒரு வழியாக மருத்துவர்கள் அதைச் சிபாரிசு செய்வதும் உண்டு. ஆனால் அங்கே திரவத்தில் நிக்கோடின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது; அதைச் சோதிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். பிள்ளைகளிடம் பரவுவதைக் கண்டு, தூக்கியெறியும் கருவிகளை 2025 ஜூன் 1 முதல் அங்கேயும் தடை செய்துவிட்டார்கள். 'சிகரெட்டைவிடக் குறைவு' என்பது புகைப்பவனுக்குச் சொன்ன வார்த்தை. ஒருபோதும் புகைக்காத பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒப்பீடு பொருந்தாது.

நம் நாட்டுச் சட்டம்

கர்நாடகம் 2016-இலும், தமிழ்நாடு 2018-இலும் தடை விதித்தன. நாடு முழுவதற்குமான அவசரச் சட்டம் 2019 செப்டம்பர் 18-இல் வந்து, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, கொண்டு செல்லுதல், விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்று ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். சேமித்து வைப்பதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணனோ மாமாவோ 'சும்மா ஒன்று' கொண்டுவந்தாலும் அது இறக்குமதிதான். விமான நிலையத்தில் நம் பிள்ளை தலைகுனிந்து நிற்கும்படி ஆகக் கூடாது. வெப்பக் கட்டுப்பாடு உள்ளது, இல்லாதது என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை.

அப்படியானால் எப்படி விடுவது?

கணக்கெல்லாம் முடிந்த பிறகு பையன் வாதத்தை விட்டுவிட்டு, "மறுபடி சிகரெட்டுக்குப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு, மாமா" என்றான். அவன் சொன்னதிலேயே மிக முக்கியமான வார்த்தை அதுதான். கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். நிக்கோடினை உடனே நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, மனம் ஒரு நிலையில் நில்லாமை எல்லாம் வரும். அந்த நாட்களில் திட்டு வாங்கும் பிள்ளை நேரே பெட்டிக்கடைக்குத்தான் போவான்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2016 முதல் புகையிலையை விட உதவும் இலவசத் தொலைபேசிச் சேவை நடத்துகிறது. எண் 1800-112-356. பேசுவதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் ஆலோசனையுடன் நிக்கோடின் சூயிங்கம் எடுத்துக்கொண்டு, அளவைப் படிப்படியாகக் குறைப்பது நம் நாட்டிலேயே சட்டப்படி கிடைக்கும் வழி. சூயிங்கத்தில் எத்தனை மில்லிகிராம் என்பது அட்டையில் அச்சிட்டிருக்கும். அதைச் சோதிக்கும் ஆய்வுக்கூடமும் பொறுப்பேற்கும் மருந்துத் துறையும் உண்டு. பையன் அந்த வழியில் போனான். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தொடர்ந்தான். இப்போது ஏழு மாதம் ஆகிறது என்று அவன் தாயார் சொல்கிறார். நாளை என்ன ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இன்றைக்கு நன்றாக இருக்கிறான்.

பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பிள்ளை தொழில்நுட்பம் பேசினால் அதைக் கேட்டுப் பயந்துவிடவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம். அவன் சொல்வதில் பாதி உண்மை இருக்கும். கருகுவதைக் குறைக்கும் நல்ல பொறியியல் அந்தக் கருவியில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். திரவத்தில் இருப்பது என்ன என்று உனக்கு எப்படித் தெரியும்? திரையில் காட்டும் டிகிரி சரிதானா என்று கடைசியாக யார் சோதித்தார்கள்? இன்றைக்கு எத்தனை முறை இழுத்தாய்?

முதல் இரண்டு கேள்விகளுக்கு அவன் ஏதாவது பதில் தேடிக்கொண்டு வரலாம். மூன்றாவது கேள்விக்கான பதில் அவனுக்கே தெரியும். அந்த எண்ணை அவன் வாய் திறந்து சொல்லும் நாளில், திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். சொந்த ஊரையும் உற்றாரையும் விட்டு வந்து இங்கே வாழும் நமக்குப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்காரச் சித்தப்பாவோ அத்தையோ அருகில் இல்லை. அந்த இடத்தை நாமும் நம் சங்கத்து நண்பர்களும்தான் நிரப்ப வேண்டும்.